காதில் ஐந்து ஊசி

மனம் உடைந்து வந்தவரிடம் ஆலோசகர் முதலில் கேட்பது, "என்ன நடந்தது, சொல்லுங்க" என்பதுதான். திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்து இருளர் குடியிருப்புகளில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் ஏராளம். காவல் நிலைய எழுத்தர், கோட்டாட்சியர், அரசு மருத்துவர், நடுவர், எதிர்த்தரப்பு வக்கீல், ஆணைய உறுப்பினர், செய்தியாளர் என்று ஒருவர் பாக்கியில்லை. 1993இல் அத்தியூரைச் சேர்ந்த இருளர் பெண் ஒருவர் புதுச்சேரி போலீசாரால் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டதாகத் தொடரப்பட்ட வழக்கில், பதின்மூன்று ஆண்டு கழித்து 2006இல்தான் விழுப்புரம் நீதிமன்றம் தண்டனை வழங்கியது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்துவிட்டது. 2011 நவம்பரில், திருக்கோவிலூர் அருகே டி.மண்டபத்து இருளர் பெண்கள் நான்கு பேரை இரவில் போலீசார் வண்டியில் ஏற்றித் தைலமரத் தோப்புக்குக் கொண்டுபோய்ச் சீரழித்ததாகப் புகார் எழுந்தது. இந்த வழக்குகளையெல்லாம் விடாமல் நடத்தியவர், திண்டிவனம் அரசுக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி. அவர் உருவாக்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இல்லாவிட்டால் இவற்றில் பாதி, காகிதத்துக்கே வந்திருக்காது. ஆனால் காகிதத்துக்கு வருவதற்கும் ஒரு விலை இருக்கிறது. தனக்கு நேர்ந்ததை அந்நியர் முன்னால் பத்து முறை சொல்ல வேண்டும். பத்து முறையும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். ஒரு முறை மாறினாலும் பொய் என்பார்கள்.

இப்படிச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தவர்களிடம் போய், "மனம் விட்டுப் பேசுங்கள், பாரம் குறையும்" என்பது எந்த அளவுக்குச் சரி? எதையும் சொல்லச் சொல்லாத ஒரு சிகிச்சை இருந்தால் அது இவர்களுக்கு உதவுமா? உலகின் பல மூலைகளில் தன்னார்வ அக்குபங்சர் சிகிச்சையாளர்கள் ஐம்பது ஆண்டுகளாக இந்தக் கேள்வியைச் சுற்றியே வேலை செய்துவருகிறார்கள். அவர்களுடைய அனுபவம் விழுப்புரம் மாவட்டத்துக்கு எவ்வளவு பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பொருத்திப் பார்க்கக் காரணங்களுக்கா பஞ்சம்? 1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி மரக்காணம், வானூர்ப் பக்கத்து மீனவக் குப்பங்களில் புகுந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கீழ்புத்துப்பட்டு முகாமில், போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்களின் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கே இப்போது பிள்ளைகள். 2023 பிப்ரவரியில் குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமத்தில், மனநலம் குன்றியோரை அடைத்துவைத்துச் சித்திரவதை செய்ததாக வெளிவந்த செய்தியில் தமிழ்நாடே அதிர்ந்தது. மூன்றே மாதத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து மாவட்டத்தில் 14 பேர் இறந்தார்கள். 2019 வரை இதே மாவட்டத்தின் பகுதியாக இருந்த கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அந்த எண்ணிக்கை அறுபதைத் தாண்டியது. அதே ஆண்டின் இறுதியில் ஃபெஞ்சல் புயல். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை, தென்பெண்ணை உடைத்துக்கொண்டு அரசூர், இருவேல்பட்டு வீடுகளுக்குள் வந்தது.

இனி அந்த ஊசியின் கதை. அது தொடங்கிய இடம் சீனாவும் அல்ல, மருத்துவப் பல்கலைக்கழகமும் அல்ல. நியூயார்க் நகரத்தின் தெற்குப் பிராங்ஸ். 1970இல் அந்தப் பகுதி ஹெராயினில் மூழ்கிக் கிடந்தது. அங்கிருந்த லிங்கன் மருத்துவமனையை மக்கள் 'கசாப்புக் கடை' என்றுதான் சொல்வார்கள். அந்த ஆண்டு நவம்பரில், புவெர்ட்டோ ரிக்கோ வம்சாவளி இளைஞர்களின் 'யங் லார்ட்ஸ்' இயக்கத்தினரும் கறுப்பினச் செயல்பாட்டாளர்களும் மருத்துவமனையின் ஒரு பகுதியைக் கைப்பற்றி, போதை மீட்பு மையம் ஒன்றைத் தாங்களே தொடங்கினார்கள். ஹெராயினுக்குப் பதிலாக மெத்தடோன் கொடுப்பதுதான் அன்றைய அரசு வழி. ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதா என்று இவர்கள் கேட்டார்கள். அந்தச் சமயத்தில் ஹாங்காங்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. எச்.எல். வென் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர், 1972இல் அறுவைக்கு முன் வலி மரத்துப்போவதற்காக ஒரு நோயாளிக்கு ஊசி குத்தி மின்தூண்டல் கொடுத்திருக்கிறார். அந்த நோயாளி அபின் பழக்கமுள்ளவர். அபினை நிறுத்தியதால் வந்த நடுக்கமும் மூக்கொழுகலும் அடங்கிவிட்டதாக அவரே சொன்னார். அடுத்த ஆண்டு வென் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

லிங்கன் மையத்தினர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நாளடைவில் மின்தூண்டலை விட்டார்கள், புள்ளிகளைக் குறைத்தார்கள். கடைசியில் நின்றது காது மடலில் ஐந்து புள்ளி. அவர்களில் முக்கியமானவர் முட்டுலு ஷக்கூர். ராப் பாடகர் டுபாக் ஷக்கூரின் வளர்ப்புத் தந்தை என்றால் இளைஞர்களுக்குத் தெரியும். பின்னாளில் கொள்ளை வழக்கில் பல ஆண்டு சிறையில் இருந்தவர். 1978இல் நகர நிர்வாகம் அந்த மையத்தைப் போலீசை வைத்துக் காலி செய்தது. டாக்டர் மைக்கேல் ஸ்மித் வேறு கட்டடத்தில் வேலையைத் தொடர்ந்தார். 1985இல் அந்த ஐந்து புள்ளி முறைக்கென்று ஒரு தேசியச் சங்கமே உருவானது. 2005இல் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, டயானா ஃபிரைட் என்பவரின் முன்முயற்சியில் 'எல்லைகளற்ற அக்குபங்சர் சிகிச்சையாளர்கள்' அமைப்பு பிறந்தது. அகதி முகாம், நிலநடுக்கம், போரிலிருந்து திரும்பிய படைவீரர் என்று அவர்கள் எங்கே போனாலும் கையில் கொண்டுபோவது தெற்குப் பிராங்ஸின் அந்த ஐந்து புள்ளிகளைத்தான்.

சிகிச்சை நடக்கும் விதத்தைச் சற்றுக் கிட்டத்தில் பார்க்கலாம். பத்திருபது நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருக்கும். வருகிறவர் உட்காருகிறார். ஆடையை விலக்க வேண்டியதில்லை, படுக்க வேண்டியதில்லை, நோயின் வரலாற்றையும் ஒப்பிக்க வேண்டியதில்லை. சிகிச்சையாளர் காது மடலைப் பஞ்சால் துடைக்கிறார். முடி போல மெலிந்த, அரை அங்குல ஊசி. மேல்மடலின் உள்விளிம்பில் ஒன்று. மேலே இருக்கும் முக்கோணக் குழியில் ஒன்று. இதற்கு 'ஷென் மென்' என்று பெயர். பிறகு சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் என்று பெயரிட்ட புள்ளிகளுக்கு ஒவ்வொன்று. எறும்பு கடித்தது போன்ற சுருக்கென்ற வலி, பிறகு காது சூடாகும். முப்பது, நாற்பத்தைந்து நிமிடம் யாரும் பேசுவதில்லை. சிலர் தூங்கிப்போவார்கள், சிலர் சத்தமில்லாமல் அழுவார்கள். ஏன் அழுகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஊசியை எடுத்துக் கெட்டியான வெள்ளை டப்பாவில் போடுவதோடு அன்றைய சிகிச்சை முடிகிறது.

இந்தியாவுக்கும் இதில் ஒரு சொந்தக் கதை உண்டு. அதுவும் தொண்டில் தொடங்கியது. 1938இல் ஜப்பானியப் படையெடுப்பால் தவித்த சீனாவுக்குக் காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் சோலாப்பூர்க்காரரான துவாரகாநாத் கோட்னிஸ் 1942 டிசம்பரில் அங்கேயே இறந்தார், பெயர் நிலைத்தது. திரும்பி வந்த பிஜோய் குமார் பாசுவை அவ்வளவாக யாருக்கும் தெரியாது. 1950களின் இறுதியில் பாசு மறுபடியும் சீனா போய் அக்குபங்சர் கற்றுவந்து, கல்கத்தாவில் எளிய மக்களுக்கு அதைச் செய்யத் தொடங்கினார். அவரும் கோட்னிஸ் நினைவுக் குழுவினரும் போட்ட அடித்தளத்தால்தான் மேற்கு வங்கம் 1996இல் அக்குபங்சருக்கென்று தனிச் சட்டமே இயற்றியது. பஞ்சாபின் லூதியானாவில் 1975 முதல் கோட்னிஸ் பெயரில் நடக்கும் அக்குபங்சர் மருத்துவமனை, போதை மீட்புச் சிகிச்சையால் பெயர் பெற்றது. மும்பைக் குடிசைப் பகுதிகளில் பெல்ஜியத்தைச் சேர்ந்த வால்டர் ஃபிஷர் தொடங்கிய 'பேர்ஃபுட் அக்குபங்சரிஸ்ட்ஸ்' அமைப்பு, சீனத்தின் 'வெறுங்கால் மருத்துவர்' திட்டத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. அந்தத் திட்டத்தில் விவசாயிகளுக்குச் சில மாதப் பயிற்சி கொடுத்து, ஊசியும் மூலிகையும் சில அலோபதி மருந்துகளும் கையில் கொடுத்துச் சொந்தக் கிராமத்துக்கே அனுப்பினார்கள்.

சரி, இது வேலை செய்கிறதா? இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஏனென்றால் ஆதரிப்பவர்களும் கேலி செய்பவர்களும் தங்களுக்கு வேண்டிய ஆய்வை மட்டும் எடுத்துக்காட்டுகிறார்கள். காது அக்குபங்சர் கொக்கெய்ன் பழக்கத்தை மாற்றுகிறதா என்று அமெரிக்காவில் 620 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வு 2002இல் வந்தது. சரியான புள்ளியில் குத்தியவர்கள், தவறான இடத்தில் குத்தியவர்கள், வெறுமனே தளர்வுப் பயிற்சி செய்தவர்கள் ஆகிய மூன்று குழுவுக்கும் இடையே வித்தியாசமே இல்லை. லிங்கன் மருத்துவமனையின் பெருமையில் இது விழுந்த பலமான அடி. வலி விஷயத்தில் கதை வேறு. 2007இல் ஜெர்மனியில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 1,162 பேரிடம் நடந்த ஆய்வில், முறையான அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 விழுக்காட்டினருக்கும், சும்மா மேலாகக் குத்திய போலி அக்குபங்சர் பெற்றவர்களில் 44.2 விழுக்காட்டினருக்கும் வலி குறைந்தது. வழக்கமான மருந்து, உடற்பயிற்சி பெற்றவர்களில் 27.4 விழுக்காட்டினருக்குத்தான் குறைந்தது. எந்தப் புள்ளியில் குத்துகிறோம் என்பது பெரிதாகப் பொருட்டில்லை, ஆனால் குத்தினால் ஏதோ நடக்கிறது என்று இதை வாசிக்கலாம். யாரோ ஒருவர் அரை மணி நேரம் நம் உடம்பைக் கவனித்துக்கொள்வதே பாதி மருந்து என்றும் வாசிக்கலாம். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்துக்கு வந்தால், 2024இல் கலிஃபோர்னியாவில் போர்முனை கண்ட 93 படைவீரர்களிடம் நடந்த ஆய்வில் போலி ஊசியைவிட உண்மை ஊசி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அவர்கள் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் என்று மூன்று மாதத்துக்கும் மேல் சிகிச்சை பெற்றவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாமில் ஒரு முறை குத்திக்கொண்டவர்கள் அல்ல. இந்த வேறுபாட்டைத் தன்னார்வலர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

பலன் எதனால் என்பது ஒருபுறம் இருக்கட்டும். தமிழர்களிடம் மன அதிர்ச்சி எந்த வழியாக வெளிப்படுகிறது என்பதை யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரத்தைப்போல் ஆராய்ந்தவர்கள் குறைவு. போருக்கு நடுவில் யாழ்ப்பாணத்தில் வேலை செய்த அவர், மக்கள் மனச்சோர்வு, பதற்றம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதைப் பதிவுசெய்தார். தலைப்பாரம், நெஞ்செரிவு, உடல் வலி, பெருமூச்சு என்று உடம்பைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். எனவே அவர் பேச்சுச் சிகிச்சையோடு நிறுத்தாமல் சாந்தியாசனம், மூச்சுப் பயிற்சி, இந்துவுக்கு ஜெபம், முஸ்லிமுக்குத் திக்ர், கத்தோலிக்கருக்குச் செபமாலை என்று அவரவர் பழகிய வழியிலேயே உடலைத் தளர்த்தும் முறைகளைச் சேர்த்தார். விழுப்புரம் அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் ஒரு காலை நின்று கேட்டாலும் இதே குரல்தான்: "உடம்பெல்லாம் நோவுது சார்", "மார அடைக்குது", "ராவெல்லாம் தூக்கமில்ல". அரிசி ஆலையில் நள்ளிரவில் எழுந்து நெல் அவிக்கும் இருளர் பெண்ணுக்குக் கொத்தடிமை வாழ்வின் அச்சமும் தோள்வலியும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன. அவளுக்கு வலி மாத்திரை போடுகிற மருத்துவர் அச்சத்தைப் பார்ப்பதில்லை. ஆலோசனை சொல்கிறவர் தோளைப் பார்ப்பதில்லை. உடம்பு வழியாக உள்ளே போகிற எந்த முறைக்கும் இங்கே ஓர் இடம் இருக்கிறது.

சுனாமிக்குப் பின் வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து இறங்கிய மனநல ஆலோசகர்களைக் கடற்கரை ஊர்கள் மறந்திருக்காது. குழந்தைகளை உட்காரவைத்து அலையை வரையச் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்கள். அதே காலத்தில் இதே மாவட்டத்து எல்லையில் நடந்த இன்னொரு வேலை எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. ஆரோவில்லின் 'உபாசனா' துணி வடிவமைப்பகம், உமா பிரஜாபதியின் முயற்சியில், மீனவப் பெண்களுக்குத் துணித்துண்டில் விரல் நீளப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. 'சுனாமிகா' என்று பெயர் வைத்தார்கள். நூற்றுக்கணக்கான பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து பொம்மை தைத்தார்கள், கூலியும் கிடைத்தது. பொம்மை விற்பனைக்கு இல்லை, அன்பளிப்பாக மட்டுமே உலகம் முழுக்கப் போனது. அங்கே யாரும் யாரையும் பேசச் சொல்லவில்லை. கை வேலை செய்யும்போது வாய் தானாகத் திறந்தால் திறக்கட்டும், இல்லாவிட்டாலும் போகட்டும். காதில் ஐந்து ஊசியோடு வட்டமாக உட்காரும் சிகிச்சைக்கு மிக நெருங்கிய உறவு இந்தப் பொம்மைக் கூடம்தான் என்பது என் எண்ணம். மருத்துவப் பாடநூலில் அந்த உறவைத் தேடிப் பயனில்லை.

தமிழ்நாட்டில் அக்குபங்சர் சிகிச்சையாளர்களுக்குக் குறைவே இல்லை. நாடி பார்த்து ஒரே ஒரு ஊசி குத்துபவர்கள், ஊசியே இல்லாமல் விரலால் தொட்டு முடிப்பவர்கள், 'ஹீலர்' என்ற அடைமொழியோடு ஊர் ஊராக இலவச முகாம் நடத்துபவர்கள் என்று பல வகை. காசு வாங்காமல் ஞாயிற்றுக்கிழமையைத் தொண்டுக்கு ஒதுக்கும் நல்ல மனிதர்கள் இதில் நிறைய உண்டு. ஆனால் இவர்களில் ஒரு பகுதியினர் ஊசியோடு ஒரு கொள்கையையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். 'மருந்தில்லா மருத்துவம்', 'எல்லா நோயும் கழிவுத் தேக்கம்', 'காய்ச்சல் வந்தால் மாத்திரை போடாதே', 'பசித்தால் மட்டும் சாப்பிடு'. நகரத்து நடுத்தர வர்க்கத்துக்கு இந்தக் கடைசி அறிவுரை நல்லதாகவே இருக்கலாம். இரத்தசோகையோடு செங்கல் சூளையில் கல் அறுக்கும் பெண்ணிடம் போய், பசித்த பிறகு சாப்பிடுங்கள் என்று சொல்வதில் என்ன இருக்கிறது? அவளுக்குப் பசி ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. இன்சுலினை நிறுத்து, காசநோய் மாத்திரையை நிறுத்து என்று ஒரு முகாமில் சொல்லிவிட்டுப் போவது இன்னும் கொடுமை. மாத்திரையை நிறுத்தியவர் மூன்று மாதம் கழித்து முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ ஜிப்மருக்கோ தூக்கி வரப்படும்போது அந்த ஹீலர் வேறு மாவட்டத்தில் இருப்பார். மெத்தனால் விஷத்துக்கு ஊசிப் புள்ளி கிடையாது. எக்கியார்குப்பத்துக்கு அந்த இரவில் தேவைப்பட்டது ஆம்புலன்ஸ். ஊசி, சாவுக்குப் பின் அந்த வீட்டில் தூக்கமில்லாமல் கிடக்கும் மனைவிக்கு, தாய்க்கு வேண்டுமானால் உதவலாம். இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று தெரியாதவர் தொண்டுக்கு வராமல் இருப்பதே தொண்டு.

இன்னொன்று, தொடுதல். சீருடை அணிந்த ஆண்களால் சீரழிக்கப்பட்ட ஒரு பெண்ணின் காதை முன்பின் தெரியாத ஆண் வந்து பிடித்தால் அது அவளுக்குச் சிகிச்சையாகவா தெரியும்? ஐந்து புள்ளி முறையில் ஆடை விலக்க வேண்டாம், கதவைச் சாத்த வேண்டாம், எல்லார் கண் முன்னாலும் நடக்கிறது என்பதெல்லாம் சாதகம்தான். இருந்தாலும் குத்துகிற கை பெண்ணுடைய கையாக இருக்க வேண்டும். அதிலும் அந்தக் குடியிருப்புப் பெண்ணின் கையாக இருந்தால் நல்லது. வேண்டாம் என்று எழுந்து போக எந்த நேரத்திலும் உரிமை இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பாம்புக்கடிக்கும் மற்ற நோய்களுக்கும் பச்சிலை அறிந்தவர்கள் இருளர்கள். செங்கல்பட்டுப் பக்கம் தண்டரையில் இருளர் பெண்கள் தங்கள் சங்கத்தின் மூலம் மூலிகைத் தோட்டமே நடத்துகிறார்கள். அவர்களை வெறும் பயனாளிகளாக வரிசையில் நிற்க வைப்பது, வந்தவர்களின் அறியாமை.

லிங்கன் மருத்துவமனையிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஐந்து புள்ளிகளைவிட இதைத்தான். அங்கே ஊசி பிடித்தவர்களில் பலர் அதே தெருவில் போதைக்கு ஆளாகி மீண்டவர்கள். இங்கே அதற்கு ஆள் இல்லாமல் இல்லை. அகதி முகாம்களில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984 முதல் அகதிகளையே சுகாதாரத் தொண்டர்களாகவும் ஆலோசகர்களாகவும் ஆக்கிவருகிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டு வாசல்வரை போகிறார்கள்; யார் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். ஹீலரின் முகாமுக்கு அவர்களில் ஒருவர் உடன் வந்தாலே பாதி ஆபத்து குறையும்.

சட்டம் இந்த இடத்தில் வழவழவென்று இருக்கிறது. 2003இல் ஒன்றிய அரசு, பதிவு பெற்ற மருத்துவர்களும் 'உரிய பயிற்சி பெற்றவர்களும்' அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாகச் செய்யலாம் என்றது. 2019இல் தனி மருத்துவ முறையாகவே ஏற்றது. மேற்கு வங்கத்தைத் தொடர்ந்து மகாராஷ்டிரமும் தனிச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை. எனவே உரிய பயிற்சி என்றால் மூன்று ஆண்டா, மூன்று வார இறுதிகளா என்பதைப் பயிற்சி நடத்துபவரே தீர்மானிக்கிறார். ஆனால் அரசிடமே ஒரு வழி இருக்கிறது. ஐந்தரை ஆண்டு இயற்கை மருத்துவ, யோகப் பட்டப்படிப்பில் அக்குபங்சரும் பாடம். அந்தப் பட்டதாரிகள் அரசு மருத்துவமனைகளின் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவுகளில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் மேற்பார்வையில், காதின் ஐந்து புள்ளிகள், ஊசிச் சுகாதாரம், எப்போது மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்ற அறிவு, இவை மட்டும் கொண்ட ஒரு குறுகிய பயிற்சியைக் கீழ்புத்துப்பட்டு முகாம் பெண்களுக்கும் திண்டிவனம் இருளர் பெண்களுக்கும் கொடுக்க முடியும். நோய் தீர்ப்பதாக யாரும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசி மொத்தமாக வாங்கினால் சில ரூபாய்தான். பயன்படுத்திய ஊசிகளை 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிப்படி சேகரித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படைக்க ஓர் ஏற்பாடு வேண்டும். வெளியிலிருந்து வரும் தன்னார்வலர்கள் முகாம் நடத்துவதற்குப் பதில் இந்தப் பயிற்சியை நடத்திவிட்டு, ஆறு மாதம் கழித்து வந்து, எத்தனை பேர் தொடர்ந்து உட்கார வருகிறார்கள், எத்தனை பேர் நின்றுவிட்டார்கள், நின்றவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதிவைக்கலாம். இலவச முகாமில் எத்தனை பேருக்குக் குத்தினோம் என்ற கணக்கை எல்லாரும் எழுதுகிறார்கள்.